மெடிக்கலில் 'தகுதியில்லை' என்றால்...



பாஸ்போட் எடுத்து, ஏஜென்ஸியில் பேசி, பயணப் பெட்டியும் வாங்கி வைத்திருந்த ஒரு சகோதரி 'மெடிக்கலில்' நின்று விட்டார். அவருக்குக் கிடைத்த பதில், 'தகுதியில்லை' என்ற ஒரு சொல். எக்ஸ்றேயில் என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. வெளியே தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று வீட்டாரும் மூடி மறைத்தார்கள். அடுத்த வாரமே வேறு ஏஜென்ஸியைத் தேடினார்கள்.

இங்கேதான் நாம் தவறு விடுகிறோம்.

வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வோருக்குக் காசநோயைக் கண்டறிய நெஞ்சு எக்ஸ்றே எடுக்கிறார்கள். எயிட்ஸ் கிருமி, ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமிகள் ஆகியவற்றுக்கு இரத்தமும் சோதிக்கிறார்கள். அங்கே போய் இறங்கிய பின்னரும் மறுபடி சோதனை உண்டு. அதில் தவறினால் திருப்பி அனுப்பப்படலாம்.

எக்ஸ்றேயில் தெரியும் நிழலெல்லாம் நோயல்ல. எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பாகவும் அது இருக்கலாம். வளைகுடா விதிகள் அந்தத் தழும்பையும் ஏற்பதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்லும் இலங்கையரைப் பிரித்தானியாவும் சோதிக்கிறது. ஆனால் சிகிச்சை பெற்றுக் குணமானவர் அங்கு செல்லத் தடையில்லை. ஆகவே 'தகுதியில்லை' என்பது ஒரு நாட்டின் விதி. உங்கள் உடல்நிலையை அறிய வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழி இலகுவானது. காரணத்தைக் கேளுங்கள். எக்ஸ்றேப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டத்திலுள்ள அரசாங்க மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்கள். சளியைச் சோதித்தால் தழும்பா, நோயா என்பதை அறிய உதவும். நோயென்றால் மருந்து இலவசம். வழமையாக ஆறு மாதம் குடிக்க வேண்டும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தி விடாதீர்கள். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத நோயாக மாறலாம்.

வீட்டிலுள்ளோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் காட்டுங்கள். நோயாளியின் கோப்பையை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. இது இருமும்போது காற்றில் பரவும் நோய். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அந்தச் சோதனை அந்நிய நாட்டைக் காக்க நடந்ததுதான். ஆனாலும் அதில் கிடைத்த தகவல் உங்கள் வீட்டையும் காக்கட்டும். பயணம் பிந்தினாலும் பரவாயில்லை; வைத்தியம் பிந்தக் கூடாது.