சுழி சரியில்லாத வண்டி

1969-ஆம் வருடம் என்று நினைவு. எனக்குப் பதினோரு வயது. அப்பா மணப்பாறை மாட்டுச்சந்தைக்குப் போய் ஒரு ஜோடிக் காளை பிடித்து, வழியில் இரண்டு ராத்திரி தங்கி, நடத்தியே ஊருக்கு ஓட்டி வந்தார். வாசலில் கட்டியதும் பாதித் தெரு கூடிவிட்டது. பெரியவர் ஒருவர் வலத்து மாட்டின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பாடைச் சுழி மாட்டைப் போய்ப் பிடிச்சுட்டு வந்திருக்கே? குடும்பத்துக்கு ஆகுமா?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "அந்தச் சுழியாலதாண்ணே இந்த விலைக்குக் குடுத்தான். பல்லைப் பாருங்க, குளம்பைப் பாருங்க" என்றார்.

அந்த மாடு ஒன்பது வருடம் உழுதது. அதனால் எங்கள் வீட்டில் பாடை எதுவும் கட்டவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடத்துக் கட்டணத்தில் அதன் உழைப்பும் உண்டு.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. போன மாதம் நான் ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். அதைச் சொன்ன நாளிலிருந்து சுழி பார்க்கிறவர்கள் என்னை விடவில்லை. மாட்டுக்குச் சுழி பார்த்த காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அதற்கு இப்போது 'ரீசேல் வேல்யூ' என்று பெயர்.

பார்க்கப் போன வண்டி டாடா ஹெக்ஸா. 2018 மாடல், டிஎன் 61, அரியலூர்ப் பதிவு. சிமென்ட் ஆலை ஒன்றில் வேலை பார்த்து, மாற்றலாகி வடக்கே போகிற பொறியாளர் ஒருவரின் சொந்த வண்டி. நம் வாசகர்களில் பாதிப்பேர் "அப்படி ஒரு வண்டி இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். அதுதான் அதன் சுழி. 2017 ஜனவரியில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது நின்றுபோனது. மூன்றே வருடம். அதற்கு முந்தின வருடம்தான் டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா வந்திருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கட்சிக் கூட்டத்துக்குப் போனாலும் வெள்ளை இன்னோவா நிற்கிற நாட்டில் இதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? டாடா என்றால் சுமோ, இண்டிகா, வாடகை வண்டி என்ற நினைப்பு வேறு.

சென்னையில் இருக்கும் மகன் போனில், "அப்பா, வாங்கினா இன்னோவா வாங்குங்க. என்னைக்கு வித்தாலும் காசு" என்றான். பாலக்கரையில் டீக்கடையில் நிற்கும் நண்பர்களும் அதையே சொன்னார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். சரி. ஆனால் யானைக்குத் தீனி போடுகிறவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கருவூலத்தில் 31 வருடம் மற்றவர்களுடைய கணக்கைப் பார்த்தவன். என் கணக்கை நானே பார்க்கிறேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

எனக்குச் சொன்ன விலைப்படி, 2018 இன்னோவா கிரிஸ்டா 14 லட்சம். இந்த ஹெக்ஸா ஏழரை லட்சம். வித்தியாசம் ஆறரை லட்சம். அதை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுகிறேன். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் வருடத்துக்கு 53,300 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 13,325 கைக்கு வரும்.

இனி ஹெக்ஸாவின் தண்டச் செலவு. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, டீசல் குடிக்கும். உரிமையாளர் பொய் சொல்லாமல் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்றார். இன்னோவாவுக்கு பன்னிரண்டரை என்று வைப்போம். வருடம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் 87 லிட்டர் கூடுதல். லிட்டர் 93 ரூபாய் என்றால் எட்டாயிரம் சொச்சம். பழுதுபார்ப்புக்கு இன்னோவாவைவிட வருடம் இருபதாயிரம் அதிகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். இரண்டும் போக வட்டியில் வருடம் 25,000 மிச்சம். ஏழு வருடத்தில் ஒன்றே முக்கால் லட்சம்.

ஏழு வருடம் கழித்து இன்னோவாவை ஏழு லட்சத்துக்கு விற்றேன் என்று தாராளமாகவே வையுங்கள். கையில் ஏழு லட்சம். ஹெக்ஸாவை ஒருவரும் சீந்தவில்லை, யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டேன் என்று வையுங்கள். அப்போதும் என்னிடம் ஆறரை லட்சம் முதலும், ஒன்றே முக்கால் லட்சம் வட்டி மிச்சமும் இருக்கும். எட்டே கால் லட்சம்! சுழி சரியில்லாத மாடுதான் இங்கேயும் ஜெயிக்கிறது.

"அதெல்லாம் பேப்பர் கணக்கு சார்" என்றார் ஒரு நண்பர். பேப்பர் கணக்கு எது என்று சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்றதும் கம்யூட்டேஷன் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டுப் புது இன்னோவா எடுத்தார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த வண்டி. நானும் கூட நின்றேன். மூன்றாம் வருடம் அவர் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. பத்து நாளில் பணம் கட்ட வேண்டும். விலைமதிப்புள்ள வண்டிதான். ஆனால் அவசரத்தில் இருக்கிறவன் முகத்தைத் தரகர் பார்த்ததுமே மதிப்பு இரண்டு லட்சம் இறங்கிவிட்டது. விற்றார். பணம் போதாமல் கடனும் வாங்கினார். அவர் மனைவி பிழைத்துக்கொண்டார், அது போதும். ஆனால் அந்தப் பத்து நாள் அவர் தூங்காமல் கிடந்தது எனக்குத் தெரியும். அஞ்சலகத்தில் கிடந்த பணமாக இருந்தால், இடையில் எடுத்ததற்குச் சின்னப் பிடித்தம் போக மீதி முழுசாக வந்திருக்கும். ரீசேல் வேல்யூ என்பது வாங்குகிறவன் வருகிற வரைக்கும் வெறும் பேச்சு.

ஆகையால் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விற்பதற்காக வண்டி வாங்காதீர்கள். 67 வயதில் வாங்குகிறவன் இன்னொரு வண்டி வாங்கப் போவதில்லை. அடுத்தவனுக்குப் பிடிக்குமா என்று பார்த்து நம் பணத்தைப் போடுவது, அடுத்த வீட்டு மாப்பிள்ளைக்குப் பிடித்த குழம்பை நாம் தினமும் தின்பது போல.

அதற்காக, ஒதுக்கப்பட்ட வண்டி எல்லாம் நல்ல வண்டி என்று சொல்லவில்லை. பாடைச் சுழியைப் பொருட்படுத்தாத அப்பா, பல்லைப் பார்க்காமல் வாங்கவில்லை. ஒதுக்கியதற்குக் காரணம் வண்டியிலா, ஊர் வாயிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாடல் நின்றது வேறு, நிறுவனமே கடையைக் கட்டுவது வேறு. செவர்லே 2017-உடன் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டாடா இங்கேயேதான் இருக்கிறது. ஹெக்ஸாவின் 2.2 லிட்டர் வேரிகார் இன்ஜின் சஃபாரி ஸ்டார்மிலும் ஓடியது. அதில் கை வைத்த மெக்கானிக் திருச்சியில் கிடைப்பார். ஆனால் முன்விளக்கு, பம்பர், கதவு மாதிரி வெளிச்சாமான்கள் சீக்கிரம் கிடைக்குமா என்று வாங்குமுன்பே கேட்டுவிட வேண்டும். நான் கேட்டேன். முன்விளக்குக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதையும் கணக்கில் எழுதினேன்.

"டீசல் வண்டி பத்து வருஷத்துல செல்லாது" என்று பலர் பயமுறுத்தினார்கள். அது டெல்லி வட்டாரத்துச் சமாச்சாரம். நமக்குப் பதிவு 15 வருடம்; பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். இந்த வண்டிக்கு 2033 வரை உயிர் இருக்கிறது. 55 வயது தாண்டிய நமக்கு ஓட்டுநர் உரிமமே ஐந்தைந்து வருடம்தான். என் உரிமத்தைவிட வண்டியின் ஆயுள் நீளம்!

இன்னொன்று. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. தினமும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்ட வேண்டும். பிஎஸ்-4 காலத்து வண்டிகளில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. நம்மைப் போல் ஊருக்குள் சுற்றுகிறவர்களுக்குப் பழையது ஒருவகையில் வசதி.

பல்லைப் பார்த்த கதைக்கு வருகிறேன். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய்விட்டேன். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இங்கே 2318. அதாவது 2018-இன் 23-ஆம் வாரம். வண்டியோடு வந்த டயர்! பட்டன் தேயாவிட்டாலும் ஓரமெல்லாம் வெடிப்பு. 19 அங்குல டயர். நான்கும் மாற்ற அறுபதாயிரம் தாண்டும் என்றார் டயர் கடைக்காரர். எட்டு லட்சம் சொன்ன வண்டி ஏழரைக்கு இறங்கியது அந்த நான்கு இலக்கத்தால்தான்.

காற்று வடிகட்டியைக் கழற்றினால் விபூதித் தட்டு போல் வெள்ளைப் பொடி. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற அரியலூர் சாலையில் ஓடிய வண்டி வேறெப்படி இருக்கும்? மாற்றினால் போயிற்று. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சேற்றுக்கோடு இல்லை, சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் துடைத்துச் சென்ட் அடித்து எங்கெங்கோ விற்கப்படலாம். பெல்ட்டைத் துடைக்க மறந்துவிடுவார்கள்.

பேப்பரில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்தேன். வங்கிக் கடிதமும் படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 கையெழுத்தாகி, பெயர் மாறினால்தான் வண்டி உங்களுடையது. விற்பவர் 14 நாளுக்குள், வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; காப்பீட்டையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவு என்று சபலப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி எல்லாம் சேர்த்துப் பாருங்கள், மலிவு ஓடிப்போகும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. என் மனைவியை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். உயரமான வண்டி, தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் இடைவெளி. முதலில் ஏற முடியவில்லை. பக்கவாட்டில் படி இல்லை. உரிமையாளர் வீட்டிலிருந்து ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டார். அதில் கால் வைத்து ஏறி, நடுவரிசையில் தனித்தனியாக இருந்த இரண்டு சீட்டில் ஒன்றில் உட்கார்ந்தாள். பெரம்பலூர் சாலையில் கொஞ்சதூரம் ஓட்டினேன். மக்காச்சோளம் காயப்போட்டிருந்த இடத்தில் மெதுவாக இறங்கி ஏறினேன். குலுக்கல் தெரியவில்லை. "ஏங்க, இதுல காலை நீட்ட முடியுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எட்டு வருடமாகச் சின்ன காரில் மடக்கிய காலோடு சென்னைக்குப் போய்த் திரும்பியவள் அவள். திருமாந்துறை சுங்கச்சாவடி வருவதற்குள் இரண்டு தடவை இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அந்தக் கால் நீட்டலை எந்தத் தரகர் எந்த விலைப்பட்டியலில் எழுதுவார்?

படி பொருத்த ஏற்பாடு செய்தாயிற்று. பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிடப் போகிறவரும், வாடகைக்கு ஓட்டுகிறவரும் இன்னோவாவே வாங்குங்கள். அவர்களுக்கு ஊர் சொல்வது சரி. வருடம் மூவாயிரம் கிலோமீட்டர்கூடப் போகாதவர் எதையுமே வாங்காதீர்கள். தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள். வாங்கி வைத்து ஓட்டி முடிக்கப் போகிறவர் மட்டும் என் கணக்கைப் பாருங்கள். அவரவர் விலையை, அவரவர் கிலோமீட்டரைப் போட்டுப் பாருங்கள். எனக்கு வந்த விடை உங்களுக்கு வராமலும் போகலாம். ஆனால் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை சிறுவாச்சூரில் நடை திறந்திருக்கும். நானும் எலுமிச்சம்பழம் நசுக்கத்தான் போகிறேன். வரிசையாக நிற்கும் வெள்ளை இன்னோவாக்களுக்கு நடுவில் பெயர் தெரியாத ஒரு வண்டியும், பக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டு ஒரு அம்மாவும் நின்றால், அது நாங்கள்தான். வந்து பேசுங்கள். சுழியை மட்டும் பார்க்காதீர்கள்.