கைபடாக் கல்வியும் காகிதச் சான்றிதழும்

ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே கடலோரமாய் அமைந்த பாலமுனையிலே, மீனவன் என்று பெயர் பெறுவதற்கு எவனும் பரீட்சை எழுதுவதில்லை. கரைவலையின் கயிற்றைப் பற்றி இழுத்து உள்ளங்கை காய்த்த பின்னரே அப்பெயர் அவனுக்கு வாய்க்கின்றது. மருதமுனைக் கைத்தறியாளர் நிலையும் அதுவே. தறியில் அமர்ந்து நெய்து காட்டாதவரை நெசவாளர் என எவரும் ஏற்பதில்லை. செய்து காட்டுவதே தகுதிக்குச் சான்று என்னும் அறிவு நமது கரையோர மக்களுக்குப் புதியதன்று. அங்ஙனமிருக்க, அதே ஊர்களின் இளைஞருட் பலர் தகவல் தொழினுட்பச் சான்றிதழ்ப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகும் முறை மாத்திரம் இதற்கு நேர்மாறாக இருப்பதேன்?

அம்முறை யாதெனின், பரீட்சையில் முன்னர் வந்தனவென்று சொல்லப்படும் வினாக்களையும் விடைகளையும் திரட்டிய கோவையொன்றைக் கைத்தொலைபேசியிற் பெற்று, அதனை இரவு பகலாக உருப்போடுவதாகும். கணினியைத் திறவாமலே கணினிப் பரீட்சையிற் சித்தியெய்தும் இவ்வித்தை நமது கண்டுபிடிப்புமன்று. 1990களின் பிற்பகுதியில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பொறியியலாளர் சான்றிதழை இவ்வாறு மனனஞ்செய்து பெற்றவர்களை மேலைநாட்டார் காகிதப் பொறியியலாளர் என எள்ளினர். அன்று அவர்கள் எள்ளியதை இன்று நாம் வழிமுறையாகக் கொண்டோம். சிலர் கட்டணம் பெற்றுக் கற்பிக்கவும் தலைப்பட்டுவிட்டனர்.

இதனால் விளையும் கேட்டிற்கு நான் நேரிற் கண்டதொன்றைச் சான்றாகக் கூறுவேன். 2022ஆம் ஆண்டு மின்வெட்டு நாடெங்கும் நீடித்த காலம். சிறியதோர் அலுவலகத்தின் வலையமைப்பு, மின்சாரம் நின்று மீளுந்தோறும் செயலற்றுப் போயிற்று. அதனைப் பராமரித்தவர் வலையமைப்புச் சான்றிதழ் பெற்ற இளைஞர். வழிப்படுத்தியின் அமைவுகளை ஒவ்வொரு நாளும் புதிதாக இட்டு அவர் களைத்துப்போனார். நடப்பிலுள்ள அமைவு எந்நினைவகத்தில் இருக்கும் என்று வினவினேன். மின் நின்றதும் அழியும் தற்காலிக நினைவகத்தில் என்று இமைப்பொழுதில் விடை வந்தது. விடை சரியே! ஆயின், அதனை அழியாத நினைவகத்திற் சேமித்து வைத்தல் வேண்டும் என்னும் ஒரே கட்டளை அவர் விரல்களுக்கு வரவில்லை. தாம் மனனஞ்செய்த வாக்கியம் தம் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருப்பதை அவர் அறிந்திலர். ஒருமுறையேனும் தாமே அமைத்து, இழந்து, மீட்டிருந்தால் அப்பாடம் ஆயுளுக்கும் மறந்திராது. குற்றம் அவ்விளைஞருடையதன்று, அவருக்கு அவ்வாறு கற்பித்தோருடையது.

இம்முறைக்குச் சார்பாக மூன்று நியாயங்கள் கூறப்படுகின்றன. மனனம் நமது மரபு என்பது முதலாவது. மரபை அறியாதார் கூற்று இது. நமது ஊர்களிற் குர்ஆனை மனனஞ்செய்யும் மாணவன் உஸ்தாதின் முன்னிலையில் ஓதிக் காட்டுகின்றான். ஓரெழுத்தின் ஒலி பிழைப்பினும் அவ்விடத்திலேயே திருத்தப்படுகின்றான். நான்கு விடைகளுள் ஒன்றிற்குக் கீழே கோடிட்டு எவனும் ஹாபிழ் ஆனதில்லை. எனவே நமது மனன மரபும் செய்முறைப் பரீட்சையையே வேண்டி நிற்கின்றது.

கருவிகள் இல்லை என்பது இரண்டாவது. முன்னொரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. இன்று இது சாக்குப்போக்கேயாகும். லினக்ஸ் பணிசெயல் முறைமை இலவசமானது. ஒரே கணினிக்குள் பல கணினிகளை உருவாக்கித் தரும் மெய்நிகர் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வழிப்படுத்தியும் ஆளியும் வாங்க வசதியற்றவன் சிஸ்கோவின் பெக்கற் றேசர் என்னும் மென்பொருளிற் பதிவுசெய்து, அவற்றைத் திரையிலேயே இணைத்துப் பயிலலாம். ஓரளவு பழைய கணினியொன்றை நால்வர் பகிர்ந்துகொண்டாலும் போதும்.

பரீட்சை ஆங்கிலத்தில் நடப்பதால் விளங்காததை உருப்போடுகின்றோம் என்பது மூன்றாவது. இதுவொன்றே கருத்திற் கொள்ளத்தக்க நியாயம். எனினும், விளங்காத மொழியை விளங்கவைக்கும் வழியும் செய்முறையே. ஒரு கட்டளையை இட்டு அதன் விளைவைக் கண்ட மாணவனுக்கு அச்சொல்லின் பொருளை அகராதி உணர்த்த வேண்டியதில்லை.

உண்மையில், மதிப்புமிக்க பரீட்சைகள் பல நம்மவர் அஞ்சும் வழியையே தேர்ந்துள்ளன. ரெட் ஹட் நிறுவனத்தின் முறைமை நிர்வாகியர் பரீட்சையிற் பல்தேர்வு வினா இல்லை. இயங்கும் கணினியொன்றில் இட்ட பணிகளை மூன்று மணிநேரத்துள் முடித்தல் வேண்டும். கணினியை மீளத் தொடக்கிய பின்னரும் செய்த வேலை நிலைத்து நில்லாவிடின் அதற்குப் புள்ளியும் இல்லை. மின்வெட்டில் தோற்ற நம் இளைஞர் அங்கும் தோற்றிருப்பார். சிஸ்கோவின் உயர்நிலைச் சான்றிதழுக்கான செய்முறைப் பரீட்சை எட்டு மணிநேரம் நீள்வது. நமது நாட்டிலும், ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் செய்திறனை நேரில் மதிப்பிடுதல் என்னும் கொள்கையின் மீதே எழுப்பப்பட்டது. கோவையை நம்பியவன் இவ்வாயில்களில் எதன் முன்னே நிற்பான்?

பொருளிழப்பும் சிறிதன்று. சிஸ்கோவின் அடிப்படை வலையமைப்புப் பரீட்சைக்குக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டபோது, அக்கட்டணம் 60,000 ரூபாவிலிருந்து 1,08,000 ரூபாவாயிற்று. வயலிலும் கடலிலும் உழைத்த தந்தையின் பணம் அது. அப்பணத்தால் வேலை செய்யும் வல்லமையை வாங்காமல் சுவரில் மாட்டும் தாளை வாங்குவது அறமாகுமா? அன்றியும், வினாக்களை வெளியிடேன் என ஒப்பமிட்டே பரீட்சார்த்தி மண்டபத்துள் நுழைகின்றான். ஆகவே, அக்கோவைகள் முறிக்கப்பட்ட வாக்குறுதிகளின் தொகுப்பேயன்றி வேறல்ல.

இக்குறைக்குப் பரிகாரம் தேடும் பொறுப்பு நமக்கில்லையா? 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருப்பெற்று, 1996இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பாலமுனையின் அயலிலே நிற்கின்றது. விடுமுறை நாள்களில் ஓர் ஆய்வுகூடத்தையேனும் அயலூர் இளைஞருக்குத் திறந்துவிட்டால் அது கல்விக்கொடையாகும். விரிவுரையாளர் தம் பாடங்களில் எழுத்துப் புள்ளிக்கு நிகராகச் செய்கைப் புள்ளியையும் வைத்தல் வேண்டும். மாணவராகிய நாமோ, ஒரு பயிற்சிக்கு ஒரு பக்கம் என்ற அளவிலேனும் செய்முறைக் கையேடொன்றைத் தெளிதமிழில் எழுதலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் தமிழின் பெருமை பேசுவதோடு அமையாது, வழிப்படுத்தியொன்றை இயக்கும் விதத்தையும் தமிழிற் சொல்லிக் கொடுக்கும் நாளே தமிழ் வளர்ந்த நாளாகும்.

வலை இழுத்த கைக்குக் கடல் சான்று. தறி நெய்த கைக்குத் துணி சான்று. கணினி கற்ற கைக்கு, மின்சாரம் நின்று மீண்ட பின்னரும் இயங்குகின்ற வலையமைப்பே சான்று. அதனைக் காட்ட இயலாதவன் எத்தனை தாள்களை நீட்டினும், இயந்திரம் அவற்றுள் ஒன்றையும் வாசிக்கப் போவதில்லை.