கர்த்தர் காலிசெய்த வீடு!

பலிபீடம் இருந்த இடத்தில் சமையல் அடுப்பு! திருமுழுக்குத் தொட்டி இருந்த மூலையில் குளிர்பதனப் பெட்டி! பாதிரியார் நின்று, "நரகம்! நரகம்!" என்று முழங்கிய மேடையருகே சாய்வு நாற்காலியைப் போட்டு, நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாளேடு படிக்கிறார் வீட்டுக்காரர். வண்ணக் கண்ணாடியில் வரையப்பட்ட புனிதர், கட்டிலில் குறட்டை விடுவோரைக் கண்கொட்டாமல் பார்த்தபடி நிற்கிறார். வானம் இடிந்து வீழவில்லை. வையம் பிளந்து விழுங்கவில்லை. அவ்வளவு உயரமான கூடத்தைக் குளிர்காலத்தில் சூடேற்றச் செலவுதான் சற்று அதிகமாகிறது!

கட்டுக்கதை அல்ல, தோழர்களே! இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், நெதர்லாந்திலும் கனடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் மாதாகோயில்கள் மனைகளாகி வருகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், தூய யாக்கோபு பெயரால் விளங்கிய கத்தோலிக்கக் கோயில் 2009-இல் ஒரே குடும்பம் வாழும் இல்லமாக்கப்பட்டது. பாஸ்டன் நகரிலோ, செருமனியிலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்கள் 1870-களில் எழுப்பிய திரித்துவக் கோயிலின் கற்சுவர்களை மட்டும் நிறுத்திவிட்டு, அவற்றின் உள்ளிருந்து எட்டடுக்குக் கண்ணாடி மாளிகை ஒன்றை எழுப்பிவிட்டனர். அதில் 33 வீடுகள். ஒரு வீட்டின் விலையைக் கேட்டால், பள்ளியில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்குத் தலை சுற்றும்.

'லாஃப்ட்' என்பது இவ்வகை வீடுகளுக்கு வழங்கும் பெயர். பரண் என்று பொருள்! நம் வீடுகளில் பரணில் ஏறுவன எவை? ஒட்டடை படிந்த அண்டா, ஓட்டைக் குடை, தாத்தாவின் தகரப் பெட்டி. மேலைநாட்டிலோ பரணில் பணம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது ஏறிய கதையும் கேட்கத்தக்கதே. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகள் வெளியேறி வெறிச்சோடிக் கிடந்த மேல்தளங்களில், வாடகை கொடுக்க வகையற்ற ஓவியரும் சிற்பிகளும் 1960-களில் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினர். கலைஞர்கள் மட்டும் வாழலாம் என்று 1971-இல் இசைவு கிடைத்தது. கலைஞர் வந்த இடத்துக்குக் கலைக்கூடம் வந்தது. கலைக்கூடம் வந்த இடத்துக்குச் சிற்றுண்டிச்சாலை வந்தது. அதன் பின்னே செல்வர் வந்தார். கலைஞர் மூட்டை கட்டினார். தொழிலாளி விட்டுச் சென்ற கூடம் போதவில்லை போலும், தொழுவோர் விட்டுச் சென்ற கூடத்தின் மேலும் இன்று அந்தக் கண் விழுந்திருக்கிறது. கோயிலுக்கோ கூரை உயரம், சாளரம் பெரிது. பழஞ்சுவரில் பாரம் ஏறாதபடி தனியே இரும்புச் சட்டம் நிறுத்தி, நடுவே ஒரு தளம் போட்டால் போதும். கீழே கூடம், மேலே பள்ளியறை!

அதெல்லாம் சரி, ஆண்டவன் வீடு அடுத்தவன் வீடாவது எங்ஙனம்? புனிதம் என்னவாயிற்று?

இங்கேதான் வேடிக்கை. ஆங்கிலத் திருச்சபையில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1968-இல் இயற்றி, 1969 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்; பின்னர்த் திருத்தி, 2011-இல் புதுப்பித்தார்கள். கோயில் இனித் தேவையில்லை என்று முடிவெடுத்ததும், திருச்சபையின் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ளும் ஆணையர்கள் ஒரு திட்டம் வரைவர், அறிவிப்பு ஒட்டுவர், ஆட்சேபம் உடையோர் எழுதித் தெரிவிக்கலாம். (ஆண்டவனிடமிருந்து ஆட்சேபம் ஏதும் வந்ததாகத் தகவல் இல்லை.) திட்டம் நிறைவேறியதும் அர்ப்பணிப்பின் சட்ட விளைவுகள் அந்தக் கட்டடத்தைவிட்டு நீங்கிவிடும். தரைக்கடியில் பிணங்கள் இருந்தால் எலும்புகளை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்யவேண்டும். அல்லது தொடாமல் விடுவதற்கு அரசின் ஒப்புதல் பெறவேண்டும். அவ்வளவுதான்!

பேராயர் வந்து மந்திரம் ஓதி வரவழைத்த புனிதம், எழுத்தர் ஒருவர் தட்டச்சு செய்த தாளில் இறங்கிப் போய்விடுகிறது. தாளால் போகக்கூடியது தாளால் வந்ததாகத்தானே இருக்கவேண்டும்? கல் அன்றும் கல், இன்றும் கல். இலண்டன் மாநகரில் பிரிக் லேன் தெருவிலுள்ள ஒரு கட்டடத்தைக் காணுங்கள். 1743-இல் பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவர்கள் தம் வழிபாட்டுக்காகக் கட்டியது. பின்னர் மெதடிஸ்டுகள் அங்கே தொழுதனர். 1898-இல் யூதர் அதைத் தம் தொழுகைக் கூடமாக்கினர். 1976 முதல் அது பள்ளிவாசல். அதே செங்கல், அதே சுவர், அதே கூரை! எந்தச் செங்கல்லும் மதம் மாறும் சடங்கு நடத்திக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் படித்ததும் நம் தோழர்கள் பலருக்கு உள்ளம் பூரிக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011-இல் தம்மைக் கிறித்தவர் என்று பதிந்துகொண்டோர் நூற்றுக்கு 59.3, 2021-இல் 46.2. மதம் ஏதுமில்லை என்றோர் அதே பத்தாண்டில் 25.2-இலிருந்து 37.2-க்கு ஏறினர். 1969 தொட்டு ஆங்கிலத் திருச்சபை மட்டும் ஏறத்தாழ 2,000 கோயில்களை மூடியிருக்கிறது. எவரும் ஆணையிட்டுப் பூட்டவில்லை. ஆணையிட்டுப் பூட்டியவை என்னவாயின என்பதற்கு லெனின்கிராடின் கசான் பேராலயம் சான்று. 1932-இல் அதை நாத்திக அருங்காட்சியகமாக்கினர். 1990-களில் மீண்டும் அங்கே பூசை தொடங்கிவிட்டது. இங்கிலாந்திலோ மக்கள் தாமாகவே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நமக்கும் மகிழ்ச்சியே, மறைப்பானேன்?

ஆனால், "பார்த்தீர்களா! கோயில் குடியிருப்பாயிற்று! பகுத்தறிவு வென்றது!" என்று கைகொட்டுகிறார்களே, அங்கேதான் நாம் மாறுபடுகிறோம். வென்றது பகுத்தறிவா, பணப்பையா? கர்த்தர் வெளியேறியது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே நுழைந்தவர் யார் என்று பார்க்கவேண்டாமா?

அதற்கு முன், அந்தக் கோயில்கள் எவர் காசில் எழும்பின என்று பார்க்கவேண்டும். மாணவர்க்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும்போது, 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். போர் முடிந்ததும் படைவீரர் வேலையின்றித் தெருவில் நின்றனர்; ரொட்டி விலை ஏறிற்று; ஆலைநகரங்களில் கூட்டம் பெருகிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் நினைவு ஆள்வோரின் உறக்கத்தைக் கெடுத்தது. என்ன செய்தார்கள்? 1818-இல் பாராளுமன்றம் கோயில் கட்டச் சட்டம் போட்டுப் பத்து இலட்சம் பவுனை ஒதுக்கிற்று! மறு ஆண்டே மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின்மீது குதிரைப்படையை ஏவினர். ஒரு கையில் வேதம், மறு கையில் வாள். 1824-இல், வாராக்கடன் என்று கைவிட்டிருந்த ஆஸ்திரியக் கடன் திரும்பி வந்தபோது, அதிலிருந்தும் ஐந்து இலட்சம் பவுன் கோயிலுக்கே போயிற்று. ஏறத்தாழ 600 கோயில்கள் அந்த முயற்சியில் எழுந்தன.

அதே அரசு, பள்ளிக்கூடம் கட்ட முதன்முதலாக உதவித்தொகை கொடுத்தது எப்போது? 1833-இல். எவ்வளவு? 20,000 பவுன்! கோயிலுக்குப் பதினைந்து இலட்சம், பள்ளிக்கு இருபதாயிரம். சாக்குக்கட்டி பிடிக்கும் கையோடு இதை எழுதுகிறோம். சினம் வராமல் என்ன செய்யும்?

இவற்றோடு முடியவில்லை. ஊர்க்கோயிலைப் பழுதுபார்க்க ஊரார் அனைவரும் வரி கட்டவேண்டும். அந்தக் கோயிலுக்குப் போகாதவனும் கட்டவேண்டும். அந்தக் கோயிலின் கொள்கையையே மறுப்பவனும் கட்டவேண்டும். செம்ஸ்ஃபோர்டு நகரில் காலணி தைத்துப் பிழைத்த ஜான் தாரோகுட் என்பவர், "நான் தொழாத கோயிலுக்கு நான் ஏன் காசு தரவேண்டும்?" என்று மறுத்தார். அவர் கட்டவேண்டியது ஐந்து ஷில்லிங் ஆறு பென்ஸ். அதற்காக 1839-இல் சிறை! ஓராண்டுக்கு மேலாக உள்ளே கிடந்தார். அந்தக் கட்டாய வரி ஒழிந்தது 1868-இல்தான்.

இப்படி வரிப்பணம் பெற்று எழுந்த கோயிலின் உள்ளேயாவது எல்லாரும் சமமாக அமர்ந்தார்களா? இல்லை! முன்வரிசை இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணம் கொடுத்தவருக்குக் கதவு வைத்த இருக்கை. பணமில்லாதவருக்கு ஓரத்துப் பலகை, அல்லது மேலே தொங்கும் மாடம். அறப்பள்ளிச் சிறுவரும் வேலையாட்களும் ஏறி நின்ற அந்த மாடம் இருக்கிறதே, அதைத்தான் இன்று 'பரண்' என்று பெயரிட்டு, கட்டில் போட்டு, வீட்டிலேயே விலையுயர்ந்த பகுதி என்று விற்கிறார்கள்! ஏழை நெருக்கியடித்து நின்ற இடம் பணக்காரர் கால்நீட்டிப் படுக்கும் இடமாயிற்று. ஏழை எங்கே போனான்? 2023-இல் இங்கிலாந்தில் நகராட்சி வீடு வேண்டிப் பெயர் பதிந்து காத்திருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 13 இலட்சம். அந்த வரிசையில் போய்த் தேடுங்கள்.

நம்பிக்கையாளர்களிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. 2004-இல் பாஸ்டன் மறைமாவட்டம் கோயில்களைக் கூட்டங்கூட்டமாக மூடியபோது, சிச்சுவேட் என்ற கடலோர ஊரின் மக்கள் தம் கோயிலை விட்டு வெளியேற மறுத்து, முறைவைத்து, இரவும் பகலும் உள்ளேயே அமர்ந்தனர். ஒரு நாள் இரு நாள் அல்ல, பதினோராண்டுகளுக்கு மேல்! 2016 மே திங்களில், நீதிமன்றக் கதவுகள் எல்லாம் சாத்தப்பட்ட பிறகே வெளியே வந்தனர். அவர்கள் கும்பிடும் கடவுளை நாம் ஒப்பவில்லை. ஆனால், "எங்கள் அப்பனும் பாட்டனும் காசு போட்டுக் கட்டியது, எங்களைக் கேளாமல் விற்க நீ யார்?" என்ற கேள்வி இருக்கிறதே, அது பக்திமான் கேள்வி அன்று, உரிமையாளன் கேள்வி. சட்டம் மேலிடத்துக்கே சொத்து என்று சொல்லிவிட்டது. உண்டியலில் போடும்போது 'உன் கோயில்'; விற்கும்போது 'என் சொத்து'!

வீடு விற்போர் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். "கூரை ஒழுகுகிறது, கோபுரம் சாய்கிறது, பழுதுபார்க்க நாதியில்லை. நாங்கள் வாங்காவிட்டால் இடிந்துவிழும். பழம்பெரும் கட்டடத்தைக் காப்பவர்கள் நாங்களே" என்கிறார்கள். முழுப்பொய் என்று தள்ள மாட்டோம். ஆங்கிலத் திருச்சபையின் ஏறத்தாழ 16,000 கோயில்களில் 12,000-க்கு மேற்பட்டவை பாதுகாக்கப்படவேண்டிய கட்டடங்கள் என்று பட்டியலில் ஏறியவை. அவற்றுள் ஆளற்றுப் போனவை எல்லாவற்றையும் அரசே தாங்கிவிட முடியாது. அதற்கென 1969-இல் நிறுவப்பட்ட அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பவை 350-க்குச் சற்று அதிகம். வயல்நடுவே தனித்து நிற்கும் சிறு கோயிலை ஒரு குடும்பம் வாங்கி, ஓடு மாற்றி, விளக்கேற்றி வாழ்வதில் நமக்கு வழக்கு ஏதும் இல்லை. இடிந்த சுவரைவிட எரியும் அடுப்பு மேல்.

ஆனால் நகரத்தின் நடுவே, ஆயிரம் பேர் அமரும் கூடத்தை ஐந்தாறு செல்வர்க்குக் கூறுபோட்டு, வாயிலில் பூட்டும் காவற்கருவியும் பொருத்துவதற்குப் பெயர் காப்பா? சுவரைக் காத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். ஊரில் கூரையிட்ட பெரிய பொது இடம் அது ஒன்றே என்றால், மழைநாளில் நூறு பேர் கூடிப் பேச எங்கே போவார்கள்?

வேறு வழி இல்லை என்றும் சொல்லமுடியாது. கனடாவின் கியூபெக் நகரத்தில், கல்லறைகள் சூழ நின்ற தூய மத்தேயு கோயிலை 1980-இல் நகராட்சியின் நூலகமாக்கினார்கள். அதே நகரில் பரிசுத்த ஆவியின் பெயரால் இருந்த கோயிலில் இன்று சர்க்கஸ் பள்ளி நடக்கிறது. ஆவி இறங்கி வரும் என்று அண்ணாந்து பார்த்த கூரையிலிருந்து இப்போது உண்மையாகவே இளைஞர்கள் கயிற்றில் இறங்குகிறார்கள்! நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 13-ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் கோயில், நெப்போலியன் காலத்துக்குப் பின் மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையாகக்கூட இருந்துவிட்டு, 2006-இல் புத்தகக் கடையாயிற்று. வணிகம்தான், ஒப்புகிறோம். எனினும் காசில்லாதவனும் உள்ளே போய் ஒரு நூலைப் புரட்டிவிட்டு வரலாம்.

சட்டமும் துணைநிற்க முடியும். இங்கிலாந்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் கட்டடம் என்று பதிவாகியிருந்தால், விற்பனையை ஆறு திங்கள் நிறுத்தி ஊரார் பணம் திரட்டலாம். ஆனால் திரட்டி வந்தாலும் அவர்களுக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. விருந்துக்கு அழைத்து, இலை போட்டு, சோறு போடாத கதை. ஸ்காட்லாந்தின் சட்டம் இன்னும் ஓரடி முன்னே போகிறது. பதிவு செய்துகொண்ட ஊராருக்கே வாங்கும் முதல் உரிமை. நாட்டுப்புறத்துக்கு 2003-இல் வந்த இந்த உரிமை, 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகரங்களுக்கும் விரிந்தது.

எடின்பரோ நகரின் போர்ட்டபெல்லோ பகுதி மக்கள் அதை முதலில் கையிலெடுத்தார்கள். அவர்களது பழைய கோயிலை ஸ்காட்லாந்துத் திருச்சபை விற்க முன்வந்தபோது, ஊரார் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, கையொப்பம் திரட்டி, ஊர் வாக்கெடுப்பு நடத்தி, அரசின் நில நிதியிலிருந்து உதவி பெற்று, 2017-இல் அதை விலைக்கு வாங்கினார்கள். நகர்ப்புறத்தில் அந்த உரிமையைக்கொண்டு நடந்த முதல் கொள்முதல் அது. 'பெல்ஃபீல்டு' என்ற பெயரில் 2018-இல் ஊர்க்கூடமாகக் கதவைத் திறந்தார்கள். தொழுகை நடந்த பெருங்கூடத்தின் நடுவே எவரும் தளம் போட்டுப் பிரிக்கவில்லை. வகுப்புகளும் கூட்டங்களும் இசையும் நடனமும் அங்கே நடக்கின்றன. உள்ளே வருவோர் எந்த மதம், மதம் உண்டா இல்லையா என்று வாயிலில் எவரும் கேட்பதில்லை.