ஏரியை விழுங்கிய மனை நமக்கு ஹலாலா?

 

சொந்த வீடு என்பது நம் குடும்பங்களின் நெடுநாள் துஆ. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் வாடகை கொடுத்து மாளாத நாம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என மேற்கு நோக்கி நகர்ந்து வருகிறோம். மனை வாங்கும்முன் கடனில் வட்டி கலந்துள்ளதா என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். கேட்டே ஆக வேண்டும். ஆனால், அந்த மனை இதற்கு முன் என்னவாக இருந்தது என்று எவரிடமும் கேட்பதில்லை.

மேற்குப் புறநகர் ஏரிகளால் ஆன நிலம். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கு வரத்து. அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர் என்று ஊருக்கு ஊர் நீர்நிலைகள். இடையிலுள்ள வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால் நீர் நின்றுவிடாது. வீட்டுக்குள் வழி தேடும். 2015 டிசம்பர் வெள்ளம் ஒரு பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் மூழ்கியது மறு பாடம். இவற்றை இறைவனின் சோதனை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது நேர்மையன்று. மனிதக் கரங்கள் தேடிக்கொண்டதன் விளைவாகவே நிலத்திலும் கடலிலும் சீர்கேடு தோன்றுகிறது என அர்ரூம் அத்தியாயம் உணர்த்தவில்லையா?

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரித்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற நபிமொழி அபூதாவூதில் உள்ளது. வக்ஃப் நிலத்தை ஒருவர் ஆக்கிரமித்தால் நாம் கொதித்தெழுகிறோம். அது நியாயமான கோபம். ஏரிப் புறம்போக்கும் எல்லோருக்கும் பொதுவான அமானிதம் அல்லவா? அங்கு மட்டும் நம் கோபம் ஏன் உறங்குகிறது?

“ஏழைக்கு வீடு முக்கியமா, கொக்குக்கு ஏரி முக்கியமா?” என்று கேட்போர் உண்டு. கேள்வியே தவறு. ஏரி வற்றினால் நிலத்தடி நீர் இறங்குகிறது. லாரித் தண்ணீருக்குக் குடம் ஏந்தி நிற்பவர் ஏழையே. ஆக்கிரமிப்பை அகற்ற இயந்திரம் வரும்போது வீட்டை இழப்பவர் வாங்கியவரே. விற்றவர் பணத்தோடு போய்விட்டிருப்பார். ஏரியைக் காப்பது ஏழையைக் காப்பதன் ஒரு பகுதி.

வீடு கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மதீனாவை ஒரு நகரமாகக் கட்டியெழுப்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்களே, அதன் எல்லைக்குள் மரங்களை வெட்டுவதையும் தடுத்தார்கள். நகீஉ என்ற மேய்ச்சல் நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட ஹிமாவாக அறிவித்தார்கள். குடியிருப்பும் பசுமையும் ஒன்றையொன்று அழிக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் அருகிலேயே, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். அத்தகைய முயற்சிகளில் நம் மஹல்லாக்களின் பங்கு எவ்வளவு?

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. அந்த இடம் எங்கே என்று கேட்கும் உரிமை மனை வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஆகவே, முன்பணம் கொடுக்கும்முன் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் விலகுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், பள்ளிவாசலின் உளூ நீரை வீணாக்காமல் மரங்களுக்குத் திருப்புங்கள். குப்பைமேடாகிக் கிடக்கும் பூங்கா இடத்தை மீட்க, பிற சமயத்து அண்டை வீட்டாரோடு சேர்ந்து மனுக் கொடுங்கள். கதீப்மார்களே, ஆண்டில் ஒரு ஜும்ஆவையேனும் இதற்கு ஒதுக்குங்கள். நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது நட்டவருக்கு ஸதகா என்பது நபிமொழி. நின்ற மரத்தை வெட்டாமல் விடுவதற்கு நமக்கு என்ன தடை?

பிறர் உரிமை கலவாத இல்லங்களை நமக்கு வழங்கி, அவற்றில் பரக்கத் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.