வேலியில்லாக் கரை

வேலி என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதியால் ஊன்றுவதும், கிடுகு கட்டுவதும், ஊன்றிய கதியால் ஓரிரவில் ஒரு சாண் நகர்ந்துவிட்டதென்று மறுநாட் காலையில் ஒழுங்கையிலே ஊர் கூடுவதும் எமக்குப் பழகிய காரியங்கள். நாமும் இதற்கு விலக்கல்ல. எமது வளவின் மேற்கெல்லையில் ஒரு முழ அகலமான நிலத்துக்காக எமக்கும் எம் பங்காளி ஒருவருக்கும் ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. அந்த வழக்கின் கடுதாசிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே நாம் 2016 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்குப் பயணமானோம் என்றால், அக்காலத்தில் எமது மனம் எப்படி இருந்ததென்பதை நேயர்கள் உணர்ந்து கொள்ளலாம்.

பொஸ்டன் நகரிலே எம் தமக்கையாரின் மகன் கல்வி பயின்று வந்தான். ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கையில், "மாமா, மேயின் மாநிலத்துக் கடற்கரையில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்கு இந்தக் கிழமை நூறு வயது நிறைகிறது. போய்ப் பார்ப்போமா?" என்று கேட்டான். இருவரும் மோட்டார் வண்டியில் வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டு, ஏறக்குறைய ஒரு பகற்பொழுதைச் செலவிட்டு, அக்கேடியா தேசியப் பூங்காவை அடைந்தோம்.

இப்பூங்காவின் பெரும்பகுதி மவுண்ட் டெசேட் என்னும் தீவில் உள்ளது. 1604 ஆம் ஆண்டில் இவ்வழியே கப்பலிற் சென்ற பிரெஞ்சுக்காரரான சம்பிளேன், மரமற்ற மொட்டை மலைமுடிகளைக் கண்டு இப்பெயரை இட்டார். எமது கரைகளைப் போல் வெண்மணலும் பனையும் அங்கில்லை. இளஞ்சிவப்பு நிறக் கருங்கற் பாறைகள் படிபடியாய்க் கடலில் இறங்குகின்றன. ஊசியிலை மரங்கள் அலையின் விளிம்புவரை வந்து நிற்கின்றன. ஒரு பாறைப் பிளவில் அலை புகுந்து, உள்ளே அடைபட்ட காற்றை நெருக்கும்போது இடி முழங்குவது போல ஓசை எழுகிறது. ஓரிடத்தில் மட்டும் மணற்கரை உண்டு. அம்மணலிற் பெரும்பங்கு நொருங்கிய சிப்பிகளின் தூள். ஆசையோடு நீரிற் கால் வைத்தோம். ஆடி மாதம் நெருங்கும் கோடையிலும் கால் விறைத்துப் போயிற்று.

நூற்றாண்டு விழா என்றதும் பந்தலையும் தோரணத்தையும் நீண்ட சொற்பொழிவுகளையும் எதிர்பார்த்தோம். ஆனால் பார் ஹாபர் என்னும் அச்சிற்றூரில் நாம் கண்டது வேறு. கடைக்காரர், பாடசாலையார், நூலகத்தார், ஓவியர் என நூற்றுக்கணக்கான குழுவினர் அவ்வாண்டு முழுவதும் தத்தம் பங்குக்கு ஏதேனும் ஒன்று செய்வதென ஏற்றிருந்தனர். தம் வீட்டுப் பாட்டியாருக்கு நூறு வயது நிறைந்தது போல ஊர் மகிழ்ந்திருந்தது. "அரசாங்கத்துப் பூங்காவுக்கு ஊரார் ஏன் இவ்வளவு மகிழ வேண்டும்?" என்று மருமகனைக் கேட்டோம். "இது அரசாங்கம் எடுத்த நிலம் அல்ல, மாமா. மக்கள் கொடுத்த நிலம்" என்றான் அவன்.

அக்கதை எம்மை நின்று கேட்கச் செய்தது. சாள்ஸ் எலியட் என்பவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தவர். அதே பெயர் கொண்ட அவர் மகன் நில அமைப்புக் கலையில் வல்லவன். அழகிய நிலங்களைத் தனியார் வேலியடைத்துக் கொள்ளுமுன் பொதுமக்களுக்காகக் காக்க வேண்டுமென்று எழுதி வந்தவன். 1897 இல், 37 ஆம் வயதில், அவன் இறந்துபோனான். மகனுடைய தாள்களை வாசித்த தந்தையார், அவன் எண்ணியதைத் தாம் செய்யத் துணிந்தார். 1901 இல் அயலவரைக் கூட்டி ஓர் அறக்கட்டளை நிறுவினார்.

அவருக்குத் துணைநின்றவர் ஜோர்ஜ் டோர். மணம் புரியாதவர்; நெசவுத் தொழிலால் வளம்பெற்ற குடும்பத்தின் செல்வத்துக்கு உரியவர். எங்கும் கொண்டு செல்லத்தக்க மரம் அரியும் எந்திரம் அக்காலத்தில் வந்திருந்தது. அது மலைக்காடுகளை அழித்துவிடுமென்று அவர் அஞ்சினார். மலையாகவும் சுனையாகவும் துண்டு துண்டாக வாங்கியும், இரந்து பெற்றும், 5,000 ஏக்கருக்கு மேல் சேர்த்து நாட்டுக்கு ஈந்தார். 1916 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் அதிபர் வில்சன் அதனைத் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். 1919 இல் அது தேசியப் பூங்காவாயிற்று. இன்றுள்ள தேசியப் பூங்காக்களுள் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதலில் அமைந்தது அதுவே. அக்கேடியா என்ற பெயர் 1929 இல் வந்தது. இவ்வளவும் கொடுத்த டோர், மாதம் ஒரு டொலர் சம்பளத்தில் அதன் காவலராய் வேலை தொடங்கினார். செல்வத்தின் பெரும்பகுதியும் அதிலேயே கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. 1944 இல், 90 ஆம் வயதில், அவர் காலமானார். றொக்பெல்லர் என்னும் பெருஞ்செல்வர் 10,000 ஏக்கருக்கு மேல் வழங்கியதோடு, மோட்டார் வண்டி நுழையாத 45 மைல் குதிரைவண்டிப் பாதைகளையும் கற்பாலங்களையும் தம் செலவில் அமைத்தார்.

ஆண்டுதோறும் வகுப்பிலே, முல்லைக் கொடிக்குத் தேரீந்த பாரியின் பெருமையை நாம் குரலெடுத்துப் போதிக்கிறோம். ஆனால் எம் பெட்டிக்குள் ஒரு முழ நிலத்தின் வழக்கு இருந்தது. அன்று அது எம்மை உறுத்தியது.

எனினும் இளைஞர் கேள்வி கேட்காதிருப்பரோ? "கொடுத்தவர்களுக்கு இதை யார் கொடுத்தார்கள், மாமா?" என்றான் மருமகன். அவ்வூர் நூதனசாலையில் அதற்கு விடை இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இத்தீவில் மீன் பிடித்தும் சிப்பி பொறுக்கியும் வாழ்ந்தோர் வபனாக்கி என்னும் பழங்குடியினர். விடியல் நாட்டு மக்கள் என்பது அப்பெயரின் பொருள். தம் சொந்தக் கரையிலேயே, கோடையில் வந்த செல்வர்களுக்குக் கூடை பின்னி விற்று வாழும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். அக்கூடைகளை நெடுநேரம் பார்த்து நின்றோம். பழங்குடியினர் தம் மரபுத் தேவைக்குரிய செடிகளை உடன்பாட்டின்பேரில் தேசியப் பூங்காக்களில் எடுத்துக்கொள்ள இடமளிக்கும் விதி, அதே 2016 ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. கொடையைப் போற்றும்போது, கொடுக்கப்பட்ட பொருள் முன்னர் யாருடையது என்பதையும் மறத்தலாகாது. இதனை மாணவர்கள் மனத்திற் கொள்க.

மறுநாள் விடியுமுன் கடிலாக் மலையுச்சிக்குச் சென்றோம். 1,530 அடி உயரமான அது, அந்நாட்டின் அத்திலாந்திக் கரையோரத்து மலைகளுள் மிக உயர்ந்தது. வழியிலே வெண்பட்டை மரங்கள் வரிசையாய் நின்றன. 1947 ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பூங்காவின் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்த பின், ஊசியிலை மரங்கள் நின்ற இடங்களில் இவை தாமாக முளைத்தனவாம். உச்சியிலே கம்பளி போர்த்திய மக்கள் பாறைதோறும் அமர்ந்திருந்தனர். எந்நாட்டார், எம்மதத்தார் என்று கேட்பாரில்லை. கதிரவன் கடலைக் கிழித்துக்கொண்டு எழுந்தபோது ஒரு குழந்தை கைகொட்டியது, எல்லோரும் கைகொட்டினர். நாம் கைகூப்பினோம்.

பொதுச்சொத்துக்கும் இடர் உண்டு. அவ்வாண்டில் மட்டும் 33 இலட்சம் வருகைகள் அங்கே பதிவாயின. 2021 முதல் அம்மலையுச்சிக்கு வண்டியிற் செல்வோர் பருவகாலத்தில் முன்பதிவு செய்தல் வேண்டும். எல்லோருக்கும் உரியதை எல்லோரும் சேர்ந்தே காக்க வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பியதும் எம் சட்டத்தரணியிடம் சென்று வழக்கை முடித்துவிடச் சொன்னோம். கதியால் பங்காளி ஊன்றிய இடத்திலேயே நிற்கட்டும் என்றோம். "பைத்தியமோ?" என்றார் சட்டத்தரணி. வீட்டிலும் அதே கேள்வி வேறு சொற்களில் எழுந்தது. இதனைப் பெருங்கொடையென்று சொல்லிக்கொள்ள நாம் நாணுகிறோம். ஒரு முழ நிலம் பாரியின் தேருக்கு நிகராகாது. பங்காளியும் நன்றி சொல்லவில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் முன்போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஆடிப்பிறப்பன்று காலையில் மேற்கு வேலியோரம் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. அவருடைய இளைய மகள் கதியால்களுக்கிடையே கையை நீட்டி, ஒரு செம்பு ஆடிக்கூழை எம்மிடம் தந்தாள். இன்னும் சூடாக இருந்தது.