பிறேக்குக்கு மூளை வேணும், பைக்குக்குப் பூட்டு வேண்டாம்

பழைய ஸ்போர்ட் டூரிங் பைக் நல்லதா, புதியது நல்லதா? பைக் விசர் பிடிச்ச நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் இந்தச் சண்டை தொடங்க அஞ்சு நிமிசம் காணும். “பழசில இருந்த உயிர் புதுசில இல்லை” என்று ஒரு பக்கம் சொல்லும். “சென்சர் இல்லாத பைக்கில நெடுந்தூரம் ஓடுறது உயிரோட விளையாட்டு” என்று மறுபக்கம் சொல்லும். எங்களைக் கேட்டால், இரண்டு பக்கமும் கோட்டைப் பிழையான இடத்தில் கீறி வைத்துக்கொண்டு அடிபடுகிறார்கள். பிரச்சினை பழசா புதுசா என்பது இல்லை. பைக்கில் இருக்கிற இலத்திரனியல் ஓடுகிற ஆளுக்கு வேலை செய்யுதா, விற்ற கம்பெனிக்கு வேலை செய்யுதா என்பதுதான்.

இலங்கையில இருக்கிற உங்களுக்கு உந்தச் சண்டை எதுக்கு எண்டு ஆரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கட அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளை உள்ளே விடுவதே இல்லை. இந்த வகை பைக்கை எங்களில் பலர் யூரியூப்பிலும், லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற மச்சான்மார் அனுப்புகிற படங்களிலும்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் பெரிய பைக்கில் இண்டைக்கு வருவதுதான் நாளைக்குச் சின்னப் பைக்குக்கு இறங்கி வரும். 1988இல் பிஎம்டபிள்யூ தன் கே100 வரிசையில் ஏபிஎஸ்ஸைப் பூட்டி விற்றது. விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிளில் இலத்திரனியல் ஏபிஎஸ் வந்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தொகுதி மட்டும் ஏறத்தாழ 11 கிலோ. இண்டைக்கு அதே வேலையைச் செய்யிற பெட்டி ஒரு கிலோவுக்கும் குறைவு, 150சிசி பைக்கிலயும் இருக்கு. நல்லது இறங்கி வருகிற வழியால்தான் கெட்டதும் இறங்கி வரும். அதனால்தான் இந்தச் சண்டையில் எங்களுக்கும் பங்கு இருக்கு.

இரண்டு பைக்கை வைத்துப் பார்ப்போம்

ஸ்போர்ட் டூரிங் எண்டா என்ன? வளைவில் வேகமாகச் சரித்து ஓடவும் வேணும்; முதுகு நோகாமல் ஒரே நாளில் 700, 800 கிலோமீற்றர் போகவும் வேணும்; பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பெட்டியும் வேணும். மூன்றும் ஒரே பைக்கில். 1976இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் இந்த வகைக்கு வழிகாட்டி. காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செய்த முழு முன்கவசம் அதில் இருந்தது. பிறகு 1986இல் கவாசாகி ஜிரிஆர்1000 வந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் கொன்கோர்ஸ். 1990இல் ஹொண்டா எஸ்ரி1100 வந்தது. 2001இல் யமஹா எஃப்ஜேஆர்1300 வந்தது.

ஒப்பிடுவதற்கு ஒரே வீட்டு அண்ணனையும் தம்பியையும் எடுப்போம். அண்ணன் எஃப்ஜேஆர்1300. தம்பி 2021இல் வந்த ட்ரேசர் 9 ஜிரி.

அண்ணனுக்கு 1298சிசி, நாலு சிலிண்டர், 140க்கு மேல் குதிரைவலு, 25 லீற்றர் பெற்றோல் தாங்கி. செயின் இல்லை, இஞ்சினில் இருந்து பின்சில்லுக்கு ஒரு தண்டு போகும், அதைத்தான் ஷாஃப்ட் என்கிறோம். பாரம் 290 கிலோவுக்குக் கிட்ட. தம்பிக்கு 890சிசி, மூன்று சிலிண்டர், 119 குதிரைவலு, 19 லீற்றர் தாங்கி, செயின். பாரம் 220 கிலோ.

கடதாசியில் பார்த்தால் அண்ணன்தான் பலசாலி. ஆனால் குதிரைவலுவைப் பாரத்தால் பிரித்துப் பாருங்கோ, தம்பி சற்று முன்னால் நிற்கிறார். 70 கிலோ குறைவு எண்டா அது பின் சீற்றில இருந்து ஒரு ஆள் இறங்கின மாதிரி. வளைவில், நெரிசலில், பெற்றோல் செற்றில் பைக்கைப் பின்னால் தள்ளும்போது, எல்லா இடத்திலும் அது தெரியும். “அந்தக் காலத்து இஞ்சின்” என்று ஏங்குகிறவர்கள் இதை மறைத்துவிட்டுக் கதைக்கக்கூடாது.

அண்ணனுக்கும் நியாயம் இருக்கு. ஷாஃப்டுக்குச் செயின் மாதிரி ஒவ்வொரு 500, 1000 கிலோமீற்றருக்கும் எண்ணெய் போட வேண்டியதில்லை, இறுக்க வேண்டியதில்லை. நெடுந்தூரப் பயணத்தில் மழைக்குள் குந்தியிருந்து செயின் துடைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைவிடப் பெரிய விசயம், எஃப்ஜேஆரின் அடிப்படை இஞ்சின் ஏறக்குறைய இரண்டு தசாப்தம் மாறாமல் வந்தது. கவாசாகி ஜிரிஆர்1000 இன்னும் ஒரு படி மேலே: 1986 தொடக்கம் 2006 வரை கிட்டத்தட்ட அதே பைக். ஒன்றின் பாகம் மற்றதுக்குப் பொருந்தும். ஒன்றைத் திருத்தப் பழகிய மெக்கானிக்குக்கு மற்றதும் தெரியும். ட்ரேசரின் கதை வேறு. 2015இல் வந்தது, 2018இல் மாறியது, 2021இல் புதிதாக்கப்பட்டது, 2025இல் திரும்பவும் மாறியது. ஒவ்வொரு முறையும் திரை வேறு, வயரிங் வேறு, கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு.

பழசு சிம்பிள் எண்டு ஆர் சொன்னது?

பழைய பைக் ரசிகர்கள் ஒரு கதை சொல்வார்கள்: அப்ப எல்லாம் வெறும் இரும்புதான், ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்குறூ ட்ரைவரும் இருந்தால் காணும். இதை முழுதாக நம்பவேண்டாம். ஹொண்டா எஸ்ரி1100க்கு 1992இலேயே ஏபிஎஸ்ஸும், சில்லு வழுக்காமல் பார்க்கும் கட்டுப்பாடும் சேர்ந்த ஒரு வகை வந்துவிட்டது. அதே பைக்கின் நாலு காபரேற்றரையும் தொட வேணுமெண்டா முதலில் மேலே இருக்கிற பிளாஸ்ரிக்கையும் மற்றச் சாமான்களையும் கழற்ற வேணும். விஎஃப்ஆர் வைத்திருந்தவர்களைக் கேட்டால் ரெகுலேற்றர் எரிந்த கதை ஒன்றாவது சொல்லுவினம். எஃப்ஜேஆர் முதல் நாளில் இருந்தே பெற்றோல் இன்ஜெக்சன்.

ஆகவே பழையதில் இலத்திரனியல் இல்லை என்பது பொய். இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. ஏபிஎஸ் பழுதானால் மஞ்சள் விளக்கு எரியும், பைக் சாதாரண பிறேக்கோடு வீடு வந்து சேரும். மணிக்கூடு பழுதானால் மணிக்கூடு மட்டும் பழுது. இப்போது எல்லாம் ஒன்றோடொன்று கதைக்கிற வலையமைப்பு. ஒன்று வாய் மூடினால் மற்றதும் குழம்பலாம்.

விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று

இனி பழைய பைக் ரசிகர்கள் எங்களோடு கோவிக்கப் போகிற இடம். ஏபிஎஸ் இல்லாத பைக்கை “அசல்” என்று புகழ்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஏபிஎஸ் செய்வது பெரிய மாயம் இல்லை. சில்லு எவ்வளவு வேகமாகச் சுத்துது எண்டு ஒரு சென்சர் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறேக்கை அமத்தினவுடன் சில்லு இறுகி நிற்கப் போவது தெரிந்தால், பிறேக் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கும், விட்டுப் பிடிக்கும், ஒரு செக்கனுக்குள் பல தடவை. முன்சில்லு இறுகினால் பைக் விழும். அது விழாமல் பார்ப்பதுதான் வேலை. “நல்லா ஓடத் தெரிஞ்சவனுக்கு ஏபிஎஸ் தேவையில்லை” என்பார்கள். நல்லா ஓடத் தெரிந்தவருக்கும் முன்னால் மாடு பாயும். ஏ9இல் இரவு ஓடினவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஈர மண்ணும் எண்ணெயும் கிடக்கிற வளைவில் எந்த மனிசனின் விரலும் செக்கனுக்குப் பல தடவை பிறேக்கை விட்டுப் பிடிக்காது.

அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பெனிகளின் காசில் இயங்குகிற ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம், ஏபிஎஸ் உள்ள பைக்குகளையும் ஏபிஎஸ் இல்லாத அதே மாடல்களையும் ஒப்பிட்டது. உயிர் போகிற விபத்துகளின் வீதம் ஏபிஎஸ் உள்ளவற்றில் 22 சதவீதம் குறைவு. ஐந்தில் ஒரு உயிருக்கு மேல். இதற்கு எதிராக “உயிர்த்துடிப்பு”, “உணர்வு” என்று எதை வைத்தாலும் தராசு எங்களுக்குச் சரியாது.

புதியவை இன்னும் ஒரு படி போயிருக்கின்றன. பைக் எவ்வளவு சரிந்திருக்கு என்பதை அளந்து, அதற்கு ஏற்றபடி பிறேக்கைப் பங்கிடும் முறை 2013இல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்தது. பழைய ஏபிஎஸ் நேராக ஓடும்போதுதான் முழுதாகக் காப்பாற்றும். இது வளைவிலும் காப்பாற்றும். 2023இன் ட்ரேசர் 9 ஜிரி+ முன்னால் போகிற வாகனத்தின் தூரத்தை ராடரால் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ராடர் எங்களுக்கு அவசியமா என்று கேட்டால் இல்லை என்போம். வளைவு ஏபிஎஸ்? கிடைத்தால் விடாதேயுங்கோ.

பூட்டு எங்கே வருகிறது

பிறேக்கைக் காப்பாற்ற வந்த அதே மென்பொருள் இப்போது வேறு வேலையும் பார்க்கிறது. கேடிஎம் சில புதிய மாடல்களில் “டெமோ மோட்” என்று ஒன்றை வைத்திருக்கிறது. முதல் 1500 கிலோமீற்றருக்கு மேலதிக வசதிகள் எல்லாம் திறந்திருக்கும். பிறகு காசு கட்டினால்தான் தொடர்ந்து வேலை செய்யும். யோசித்துப் பாருங்கோ: அதுக்கான சாமான் எல்லாம் பைக்கில் இருக்கு, அதைச் சுமந்துகொண்டு ஓடுவது நீங்கள், ஆனால் திறப்பு கம்பெனியிடம்.

2024 நவம்பரில் அதே கேடிஎம் கடனில் மூழ்கி நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் காசு போட்டுக் காப்பாற்றியது எங்களுக்கு முச்சக்கர வண்டியால் தெரிந்த பஜாஜ். ஒருவேளை காப்பாற்ற ஆள் வந்திருக்காவிட்டால் அந்தத் திறப்புகளை ஆர் வைத்திருப்பார்? இஞ்சின் பாகத்தை ஒரு நல்ல லேத் கடையில் செய்விக்கலாம். கம்பெனி பூட்டிய மென்பொருளை எந்த லேத்தில் கடைவது?

இந்தக் கேள்வி எங்கட நாட்டில் வெறும் கற்பனை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்க 2025 ஆகியது. அந்த அஞ்சு வருசமும் இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினோம். 2022இல் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எஸ்ரி1100இன் 28 லீற்றர் தாங்கியை நிரப்ப ஏழு கிழமை பிடித்திருக்கும். அதுக்கு முன்னால், 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, இஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். காபரேற்றர் என்றபடியால் அது முடிந்தது. இதைப் பொற்காலம் என்று பாட வரவில்லை. புகை, நாற்றம், பழுதான இஞ்சின், எல்லாம் வேறு வழியில்லாமல் பட்டது. ஆனால் ஒரு வாகனம் கம்பெனி கணக்குப் போட்ட காலத்தையும் தாண்டி எங்களிடம் உயிரோடு இருக்க வேண்டிவரும் என்பதை இந்தத் தீவு மூன்று தரம் காட்டிவிட்டது.

அப்ப எதை எடுக்கிறது?

வெளிநாட்டில் இருக்கிற மச்சான் பழசு ஒன்று வாங்கப்போறன் எண்டு கேட்டால் எங்கட பதில் இதுதான்: 2006க்குப் பிந்திய, ஏபிஎஸ் உள்ள எஃப்ஜேஆர். இன்ஜெக்சன் இருக்கு, ஷாஃப்ட் இருக்கு, பிறேக்குக்கு மூளை இருக்கு, காசு கேட்கிற திரை இல்லை. உயரமோ உடம்போ 290 கிலோவைச் சமாளிக்க விடாது எண்டா ட்ரேசர். அதிலும் சரிவை அளக்கிற ஏபிஎஸ் கட்டாயம் வேணும், ராடர் விருப்பம் எண்டால்.

இங்கே 125, 150 வாங்கப்போகிறவர்களுக்கு நாலு கேள்வி. ஏபிஎஸ் இருக்கா? இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து 125சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அது சட்டம். இங்கே உங்களுக்குக் காட்டுகிற பைக்கிலும் இருக்கா எண்டு கண்ணால் பாருங்கோ, முன்சில்லில் பல்லு வளையமும் சென்சரும் தெரியும். திரை செத்தால் பைக் ஸ்ரார்ட் ஆகுமா? ஊர் மெக்கானிக் பழுதின் குறியீட்டை வாசிக்க முடியுமா, கம்பெனி கருவி மட்டும்தான் வாசிக்குமா? இப்ப வேலை செய்யிற எதுக்காவது பிறகு காசு கட்ட வேணுமா?

முதல் கேள்விக்கு “இல்லை” என்றால் காசு குறைவென்று மயங்க வேண்டாம். கடைசிக் கேள்விக்கு “ஓம்” என்றால் கடையை விட்டு வெளியே வாங்கோ. நடுவில் இருக்கிற இரண்டுக்கும் விற்பனையாளரிடம் பதில் இல்லை என்றாலும் கேளுங்கோ. ஒருத்தர் கேட்டால் தலையைச் சொறிவார். அம்பது பேர் கேட்டால் மேலிடத்துக்குச் சொல்லித்தான் ஆகவேணும்.