பயற்றுக் கஞ்சியும் பத்திய நாவும்



சென்ற ஆண்டுக் கத்திரி வெயிலில், ஆவடியில் உள்ள எங்கள் இல்லத்தில் என் மாமியார் பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தார்கள். காய்ச்சல் விட்ட பின்னும் நாவில் ருசி திரும்பவில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். அந்நாளில், மதரஸாவில் ஓதும் தம் பேத்தியை அழைத்துச் செல்ல ஒரு மூதாட்டி வந்தார். சிங்கப்பூரில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பியவர். "சீனர் வீட்டுப் பயற்றுக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடும்மா; வயிற்றுக்கு இதமாக இருக்கும், உடம்புக்கும் தெம்பு" என்றார்.

தென்சீனத்திலும் ஹாங்காங்கிலும் உணவுக்குப் பின் நீர்த்த இனிப்புக் கஞ்சி பருகும் வழக்கம் உண்டு. 'தொங் சுய்' என்பது அதன் பொதுப்பெயர். 'சர்க்கரைத் தண்ணீர்' என்பது அதன் பொருள். எள், நிலக்கடலை, தாமரை விதை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எனப் பலவற்றிலும் அதைக் காய்ச்சுவர். கோடையில் மட்டும் பாசிப்பயறுதான் முதலிடம் பெறும். அது சூட்டைத் தணிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் பாட்டிமார் சொல்லி வந்ததும் அதுவே. மலாய் முஸ்லிம்களும் இதே பயற்றில் தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் சேர்த்து, 'புபூர் காச்சாங் ஹிஜாவ்' என்ற பெயரில் நோன்பு திறக்கையில் அருந்துகின்றனர்.

இதை அயல்நாட்டுப் பண்டம் என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. பாசிப்பயறு முதன்முதலில் பயிராகிப் பழகியது நம் இந்திய மண்ணில்தான். இங்கிருந்தே அது சீனம் சென்றது. கி.பி. 647-இல் சீனப் பேரரசர் தைசோங் மகதத்துக்கு ஆள் அனுப்பி, சர்க்கரை காய்ச்சும் முறையை அறிந்துவரச் செய்தார். பிற்காலத்தில் வெள்ளைச் சர்க்கரை அங்கிருந்து நம்மிடம் வந்தபோது, வந்த நாட்டின் பெயராலேயே அதைச் 'சீனி' என்று அழைத்தோம். பயறும் இனிப்பும் இங்கிருந்து போய், கஞ்சியாகத் திரும்பியிருக்கின்றன எனலாம்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். ஆறு கோப்பைக்கு 150 கிராம் முழுப் பாசிப்பயறு போதும். கல் நீக்கிக் கழுவி, மூன்று மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுங்கள். ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீரில் பயற்றைப் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டும்: உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீரில் பயறு எளிதில் வேகாது. குடிநீரையே ஊற்றுங்கள். பயறு வெடித்து மலர்ந்த பின்னரே 60 கிராம் கற்கண்டைச் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பயறு மென்மையாவது தாமதப்படும். ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். தேங்காய்ப் பால் விரும்புவோர் அடுப்பை அணைத்த பின் ஊற்றுக. வெயில் நாளில் ஆறவைத்தும், மழை நாளில் இளஞ்சூடாகவும் பருகலாம். எஞ்சியதைக் குளிர்பெட்டியில் வையுங்கள். கோடையில் வெளியே வைத்தால் விரைவில் புளித்துவிடும்.

100 கிராம் பயற்றில் 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. ஆகவே நம் கஞ்சியில் ஒரு கோப்பைக்கு ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஏறக்குறைய ஒரு முட்டை தரும் அளவு. நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் உண்டு. பயற்றின் இரும்பு உடலில் நன்கு சேர, அதனுடன் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ உண்பது நல்லது. உடனே தேநீர் குடித்தால் அப்பயன் குறைந்துவிடும்.

இனி என் பிழையைச் சொல்லியாக வேண்டும். என் மாமியாருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அதை அறிந்திருந்தும், "சீனிதானே ஆகாது? கற்கண்டு மருந்துக்குக் கொடுப்பதாயிற்றே!" என்று எண்ணி, 200 கிராம் கற்கண்டு போட்டுக் காய்ச்சினேன். மாமியார் மகிழ்ந்து குடித்தார்கள். காலை ஒரு கோப்பை, மாலை ஒரு கோப்பை. நான்காம் நாள் தலைசுற்றலும் தாகமும் வந்தன. இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது. மருத்துவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கற்கண்டை எதிலிருந்து செய்கிறார்கள், அம்மா?" பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 65 கிராமுக்கு மேல் சர்க்கரையைக் கொடுத்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நலமாக இருப்பவர்க்கே நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிறுத்துவது சிறப்பு. கற்கண்டு, பனைவெல்லம், கருப்பட்டி, தேன் ஆகிய நான்கும் சர்க்கரையே. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம் வீடுகளில் பலவற்றிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். சத்து பயற்றில் இருக்கிறது. இனிப்பு நாவுக்காகச் சேர்ப்பது. அன்பின் பெயரால் நாம் அள்ளிப் போடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

ஆகவே கற்கண்டு சேர்க்குமுன் நீரிழிவு உள்ளவரின் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி, சில துளி எலுமிச்சைச் சாறு போதும். அதைச் சோற்றுக்கு மேல் கொடாமல், ஒருவேளை உணவில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்பே பயறு உண்ண வேண்டும்.

இன்னொரு குறிப்பு. கடைகளிலும் உணவகங்களிலும் கிடைக்கும் சீன இனிப்புகள் சிலவற்றில் புளித்த அரிசி மது சேர்வதுண்டு. ஜெலட்டின் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்து, ஹலால் எனத் தெளிந்த பின் வாங்குங்கள். வீட்டில் கட்டியான இனிப்பு வேண்டுமெனில், நோன்புக் காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசி இருக்கவே இருக்கிறது.

இந்தக் கோடையிலும் எங்கள் வீட்டில் பயற்றுக் கஞ்சி கொதித்தது. நான் கற்கண்டு டப்பாவை எடுக்கும் ஓசை கேட்டதும் உள்ளறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்கள்: "என் பங்கை எடுத்து வைத்துவிட்டாயா, மருமகளே?"